மறுவாரம் மறுபக்கம்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், கதவையும் திறப்பதில்லை. இதையாவது கிழிக்காமல் படி.

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குத் தத்துவமும் சமயமும் சொல்லித்தரும் என் மாலை வகுப்பில், பதினோரு வருடமாக ஒரே விதி: கேள்வி கேட்டவர் மறுவாரம் மறுபக்கம் நின்று பேச வேண்டும். போன வியாழன் நீ எழுந்து, "கடவுள் இருந்தா என் பொண்டாட்டியை முப்பத்தாறு வயசுல ஏன் எடுத்துக்கிட்டான்?" என்றாய். நான் பழக்க தோஷத்தில், "நல்ல கேள்வி. அடுத்த வாரம் கடவுள் பக்கம் நீங்க பேசுங்க" என்றேன். சொந்தத் தம்பியை 'நீங்க' என்று வேறு! நீ அப்படியே எழுந்து போய்விட்டாய். என் புத்தி எங்கே மேயப் போயிற்றோ. மன்னித்துவிடு.

உன் அக்கா

ஜூன் 6

அக்கா,

கரும்பலகையில் என் கேள்வியை எழுதி அடிக்கோடும் போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் வீட்டுச் சாவு உனக்குப் பாடமா? பஸ் ஓட்டும்போதும் அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்டா" என்று அவள் போன அன்றைக்கு என் காதில் ஓதியது நீதான். விதி எல்லாருக்கும்தானே? வியாழன் நீ நில். ஒரு காரணமும் இல்லை என்று பேசு. அதுவரை அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை.

ஜூன் 12

தம்பி,

பேசிவிட்டேன்டா! மேலே யாரும் இல்லை, காரணமும் இல்லை, நல்லவள் ஒருத்திக்கு நோய் வந்தது, போய்விட்டாள் என்று அரை மணி நேரம். நடுவில் அழுதேன். நம் வகுப்பு நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தார். உட்காரப் போகும்போது தையல்காரர் கையைத் தூக்கினார். "டீச்சர், மேல யாருமே இல்லைன்னா உங்க தம்பி இத்தனை நாளா யாரைத் திட்டிக்கிட்டு இருக்காரு?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக, "தெரியாதுங்க" என்றேன். தட்டினார்கள் பார் கை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது! பிறகு உன் கேள்வியை மறுபடி எழுதினேன், அடிக்கோடு இல்லாமல்.

உன் அக்காதான், நீ ஒத்துக்கொண்டால்

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

டிப்போவில் உட்கார்ந்து படித்தேன், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் பயந்தே போனார். ஏழு மாதமாக நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை என்று தையல்காரரிடம் சொல். ஆனால் ஆளே இல்லாத வீட்டு வாசலில் நின்று எவனும் இவ்வளவு சத்தம் போடமாட்டான் என்று தோன்றுகிறது. அதைத்தான் பேசப்போகிறேன். வியாழன் டியூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டேன். கடவுள் பக்கம் நான். ஒரு மணி நேரம் வேண்டும்.

முன்பெஞ்சில் இடம் பிடித்து வை. 'நீங்க' என்று கூப்பிட்டால் மட்டும் மறுபடி எழுந்து போய்விடுவேன்.

உன் தம்பி