நான் சேர்த்து வைத்த இரண்டு பக்கங்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் ஆள் மூலம் கடிதம் கொடுத்தனுப்பியதைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று உனக்குப் புரிந்திருக்கும். உட்கார்ந்து முழுதாகப் படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் அத்தான் குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, இப்போது சமையலறைக் குழாயும் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காப்பகத்தில் இணையப் பக்கங்களைச் சேமித்து, பொருள்வாரியாகத் தொகுப்புகளில் வைப்போம். தேர்தலுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று. ஆலைத் தீ விபத்துத் தொகுப்பு என் பொறுப்பு. நீ புனைபெயரில் எழுதி, இங்கிருந்து போகும்போது அழித்துவிட்ட பக்கம் அதில் இருக்கிறது. ஆலையின் பின்கதவு பூட்டியிருந்ததை வேறு யாரும் எழுதவில்லையே என்று நான்தான் சேமித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே ஆள் எழுதியவற்றை ஒரே தலைப்பின் கீழ் வைப்பது எங்கள் வழக்கம். போன மாதம் தொகுப்பை ஒழுங்குசெய்தபோது, கல்லூரி நாளில் நீ நடத்திய, பறவைகளைப் பற்றிய இணையப் பக்கத்தையும் கைப்பழக்கத்தில் அதோடு சேர்த்துவிட்டேன். அதில் உன் பெயர், படம் எல்லாம் இருக்கிறது. எனக்கு மட்டும் தெரிந்ததை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிட்டேன், பாவி.

நேற்று ஆலை முதலாளியின் வக்கீலும், பார்த்தால் போலீஸ்காரர் போலிருந்த இன்னொருவரும் வாசிப்பறைக்கு வந்தார்கள். இரண்டு வருடமாக உன்னைத் தேடுகிறவர்கள். அந்த இன்னொருவர் திரையைக் காட்டி, இது ரெண்டும் ஒரே ஆளுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது பிரித்து வைத்தால், யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகிவிடும். என் பெயரிலும் உன் பெயரிலும் அப்பா பெயர் இருப்பதை அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

நாளைக் காலை இயக்குநர் அறையில் பதில் சொல்ல வேண்டும். தவறாக வைத்துவிட்டேன், அது வேறு ஆள் இது வேறு ஆள் என்று சொல்லப்போகிறேன். பதினோரு வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் இடம் மாற்றி வைத்ததில்லை. நம்புவார்களா தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

படித்ததும் அறையைக் காலி செய். புது இடம் எதுவென்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் சொல்லிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குப் பயம். போனும் செய்யாதே.

நாளை என்னை அவர்கள் வீட்டுக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொண்டால் அம்மா தேடுவாளே என்று, நான் வெளியூர் வேலையாகப் போகவேண்டி வரலாம் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை நாளுக்குத் துணி எடுத்து வைக்கட்டும் என்று கேட்கிறாள்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அக்கா