நீங்கள் பற்றவைத்த இரண்டு தகடுகள்

என் பிரியத்துக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கும் கபரடிக்கு வந்தால் சலாம் சொல்கிறேன், துஆ கேட்கிறேன், திரும்பிவிடுகிறேன். பக்கத்தில் யாராவது யாசீன் ஓதிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் பற்றிக் கேட்க வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். யாருக்காவது விடை தெரிந்தால் என் தேங்காய் மண்டிக்கு வந்து சொல்லட்டும், டீ என் பொறுப்பு.

உங்கள் சின்ன கார் இப்போது வீட்டுப் பக்கத்து மனையில் பானெட் இல்லாமல் நிற்கிறது. பழைய இன்ஜினை வெளியே எடுத்துவிட்டோம். பிளாக்கில் விரிசல். ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரை ஒட்டுப்போட்ட இன்ஜினை நம்பிப் போக நான் தயாரில்லை. போகப்போவது யார் என்று தெரிந்தால் நீங்களும் சம்மதிக்க மாட்டீர்கள்.

உங்கள் மகள் ஜன்னத் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள், மச்சான். பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போயிற்று. மருமகன் துபாயில். லீவு கிடைக்கவில்லை என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி அழுகிறான். தஞ்சாவூரில்தான் பேறு பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கூடப்பிறந்த லாத்தா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் உங்களுக்காக வீட்டோடு இருக்கிறாள், வாசல் தாண்டுவதில்லை, வேற்று ஆண் கண்ணில் படுவதில்லை. இத்தா முடிவதும் பேறு காலம் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே நேரம். அன்று அவள் முதன்முதலாக வெளியே வந்து ஏறப்போவது உங்கள் வண்டியில்தானாம்.

"வாடகைக் கார் பேசிடறேன் லாத்தா, இதுக்குப் போய் ஏன் மல்லுக்கட்டணும்?" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எவன் ஓட்டிட்டு வருவான்னே தெரியாது. வலி எடுத்த புள்ளய வச்சுக்கிட்டு, அவன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் ரோட்டுல ஒக்காந்திருக்கவா? மச்சான் வண்டிய ரெடி பண்ணு. நீ ஓட்டு."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியுமா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், உங்களுக்குத் தெரியாதா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய இன்ஜினைத் தூக்கியதும் அடியில் ஓர் ஆச்சரியம். வண்டியின் அடிச்சட்டத்தில், சேஸிஸில், இரண்டு புது இரும்புத் தகடுகள் பற்றவைத்திருந்தன. மேலே கறுப்புப் பெயின்ட். பழைய இன்ஜினுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வேறு ஏதோ இன்ஜினைத் தாங்க வைத்த தகடுகள்.

மெக்கானிக் செல்வராசு விரலால் தடவிப் பார்த்தார். கீழ்வேளூர்ப் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் வயலுக்கு வயல் போர்வெல் இன்ஜின் பழுது பார்த்தே வளர்ந்து, இப்போது மெயின் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறார்.

"பாய், இது நம்ம ஊரு கை இல்லைங்க. தையல் போட்ட மாதிரி இருக்கு பாருங்க. வெளிநாட்டுல வேல செஞ்ச கை."

சவுதியில் வெல்டிங் கற்ற கை வேறு யாருடையது? கடைசியாக வந்த லீவில் ஒரு வாரம் பக்கத்து மனையிலேயே கிடந்தீர்களே, அப்போது செய்த வேலை இது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை? எந்த இன்ஜினை மனதில் வைத்திருந்தீர்கள்?

டீசல்தான் என்று நான் முடிவு கட்டினேன். வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு திறந்த பிறகு பழைய ஜப்பான் இன்ஜின்கள் கப்பலில் வந்து மெட்ராஸில் குவிந்து கிடக்கின்றன. பெட்ரோல் கார் வைத்திருந்தவன் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருக்கிறான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. பேறு முடிந்த பிறகு வண்டி சும்மா நிற்கக் கூடாது. டீசல் என்றால் வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் சவாரி விடலாம். வியாபாரியின் புத்தி வேறு எங்கே போகும்?

தஞ்சாவூர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு டீசல் இன்ஜின் தரையில் கிடந்தது. செல்வராசு அதை நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து வந்தார். தக்காளிப் பெட்டிப் பலகைகளைப் பிரித்து அதே அளவில் ஒரு பொய் இன்ஜின் அடித்தோம். வாங்கிய பிறகு அடங்கவில்லை என்று நிற்பதைவிட இது மேல். கயிறு கட்டி உள்ளே இறக்கினோம்.

"அடங்கிருச்சு பாய்! அப்படியே ஒக்காந்துருச்சு!" என்று செல்வராசு துள்ளினார். தகட்டின் ஓட்டைகள் மட்டும் பொருந்தவில்லை. வேறு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

அடுப்படி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, அவருகிட்ட ஒண்ணு கேளு."

"நீயே கேளு லாத்தா, அவருக்கும் காது இருக்கு."

"தண்ணி எங்க ஊத்துவீங்களாம்?"

"எந்தத் தண்ணிங்கக்கா?" என்றார் செல்வராசு, ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

"ரேடியேட்டருக்கு. தஞ்சாவூர் போறப்பல்லாம் தண்ணிக் கேனை என் காலடியிலதான் வச்சுட்டு வருவாரு. முன்னாடி நின்னுச்சே அந்தச் சல்லடை, அத எங்க வைப்பீங்க? ஒங்க பொட்டிதான் மூக்கு வரைக்கும் அடைச்சுக்கிட்டு நிக்குதே."

நானும் செல்வராசும் பெட்டியைப் பார்த்தோம். பெட்டியின் முன்பக்கம் கிரில்லை முட்டிக்கொண்டு நின்றது. ரேடியேட்டருக்கும் இடமில்லை, ஃபேனுக்கும் இடமில்லை.

செல்வராசு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "வயக்காட்டுப் பழக்கங்கக்கா. போர்லேருந்து வர்ற தண்ணியே இன்ஜினைக் குளுப்பாட்டிட்டு வாய்க்கால்ல போயி விழுந்துரும். அங்க ரேடியேட்டர்னு ஒண்ணு கெடையாதுங்களே, நெனப்பே வரல!"

"அப்ப ஒண்ணு பண்ணச் சொல்லு தம்பி. வண்டிக்குப் பின்னாடி வாய்க்காலையும் கயிறு கட்டி இழுத்துட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், மச்சான். நீங்கள் போன பிறகு அந்த ஜன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது அன்றுதான்.

"பாய், பட்டறையில என் ஸ்டூல அக்காவுக்குக் கொடுத்துட்டு நான் ஒங்க மண்டியில தேங்கா உரிக்க வந்துடறேன்" என்றார் செல்வராசு.

"ஒரு நாளைக்கு எத்தன மூட்ட உரிப்பீங்கன்னு மொதல்ல கேட்டுக்க தம்பி" என்றாள் லாத்தா.

அதன் பிறகுதான் உங்கள் தகடுகளை ஒழுங்காகப் பார்த்தோம். அவை நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கின்றன. முன்னால் ரேடியேட்டருக்கு இடம் விட்டு அளந்திருக்கிறீர்கள். அப்படியானால் குட்டையான இன்ஜின். தகட்டின் கனத்தைப் பார்த்தால் எடையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். டீசலை வைத்தால் ரோட்டில் ஒவ்வொரு மதகு மேட்டிலும் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும் என்றார் செல்வராசு. ஜன்னத்தை நினைத்தேன். சவாரி யோசனையை அன்றே கைவிட்டேன். ஆனால் எந்த இன்ஜின்?

சவுதியிலிருந்து செருப்பு வாங்கி வர லாத்தாவின் பாதத்தை அட்டையில் வரைந்து அனுப்பச் சொல்வீர்களே, அதையே நானும் செய்தேன். தகட்டையும் ஓட்டைகளையும் ஓர் அட்டையில் வரைந்து வெட்டி, மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

"என்ன இன்ஜின் வேணும் பாய்?"

"பேரு தெரியாது. இந்த அட்டைக்கு எது பொருந்துதோ அது."

"ஏன் பாய், செருப்புக் கடைன்னு நெனச்சு வந்துட்டீங்களா?"

"காலு இங்கதான் எங்கயோ கெடக்கு. தேடிக் குடுங்க."

கடைசியில் ஒரு கடையில் பொருந்தியது. குட்டி ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின். அலுமினியம், ஐந்து கியர். அட்டையை வைத்தேன். ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கூடின. அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு உங்களைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. எனக்குத் தேவை என்பது முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. இடதுபக்கத் தகட்டில் ஒரே ஓர் ஓட்டையை நீளவாக்கில் அரத்தால் ராவிவிட்டிருக்கிறீர்கள். மற்றவை வட்டமாக இருக்கும்போது அது மட்டும் ஏன்? இந்த இன்ஜின் கிடைக்காவிட்டால் இன்னொன்றுக்கு இருக்கட்டும் என்றா? அல்லது மெட்ராஸ் வரை போய் அளந்து பார்க்காமல் நினைவிலிருந்தே செய்து, சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டீர்களா? நாலு நாளாக இதையே யோசிக்கிறேன். லாத்தாவுக்கும் தெரியவில்லை. "அவரு எதையும் முழுசாச் சொல்லிட்டா செஞ்சாரு?" என்கிறாள்.

இன்ஜின் லாரியில் வந்து உங்கள் தகட்டில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டியரிங் கீழே இருந்த கைக் கியர் போய்விடும், புதுக் கியர் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். முன் சீட்டில் மூன்று பேர் உட்காரும் காலம் முடிந்தது. பின்பக்கம் போகும் ஷாஃப்டின் நீளத்தைக் குறைக்கத் தஞ்சாவூர் லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறோம். புது இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற விண்ணப்பம் போட்டாயிற்று. லாத்தா தினமும் ஜன்னலிலிருந்து கேட்கிறாள்: "ஷாஃப்ட் வந்துச்சா?" ஜன்னத் நடக்கும் நடையைப் பார்த்துவிட்டு நானும் தினமும் லேத்துக்குப் போன் பண்ணுகிறேன்.

வாக்குத் தருகிறேன், மச்சான். ஷாஃப்ட் வந்து மாட்டியதும் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் மயிலாடுதுறை வரை போய்த் திரும்புவேன். சூடேறினாலோ, வழியில் ஒரு தடவை இருமினாலோ, அதில் உங்கள் மகளை ஏற்ற மாட்டேன். தெருக்கோடியில் வண்டி வைத்திருக்கும் நம் ஜபருல்லாவிடம் பேசி ஒரு காரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஓட்டுகிற ஆள் டீ குடிக்காதவன், நானே விசாரித்தேன். இது லாத்தாவுக்குத் தெரியாது, படிக்கிற ஊராரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விட மாட்டாள். எந்த வண்டியானாலும் அவளும் ஜன்னத்தும் நேரத்துக்குத் தஞ்சாவூர் போய்ச் சேருவார்கள். முன்னால் உட்கார்ந்து போகப்போகிறவன் நான்.

ஆனால் உங்கள் வண்டிதான் போகும் என்று நினைக்கிறேன். அந்த வெல்டிங்கைப் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பான்?

உங்கள் மனைவியின் தம்பி, உங்கள் மச்சினன்,
காதர்