கொல்லைக்குப் போகும் வழி

சித்தூர்
14-2-1955

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ரத்தினத்துக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. காணிப்பாக்கம் பிள்ளையார் தயவில் நானும் மண்டியும் சௌக்கியம், உன் அம்மாவுக்கு இப்போது தேவலை. கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

இப்போது தேவலை என்றால் முன்பு சரியில்லை என்று உனக்குப் புரிந்திருக்கும். பொங்கல் கழிந்த நாலாம் நாள் அவளுக்குக் குளிர்ஜுரம், இடுப்பு வலி, நீர் பிரியும்போது எரிச்சல் தாங்காமல் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஏம்பா, உங்க வூட்ல தண்ணிப் பஞ்சமா, இந்தம்மா பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கிறதில்லியாமே என்று கேட்டார். எங்கள் கிணறு கோடையிலும் வற்றாது என்று வீறாப்பாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். தண்ணி குடிச்சாத்தான கொல்லைக்குப் போவணும், அத்தினி ஆம்பளைங்க குந்திக்கினு வெல்லம் வெல பேசறப்போ நான் எப்படி நடுவால போவறது என்றாள்.

வண்டி நிற்கத் தோது என்று மண்டியைப் பின்கட்டில் வைத்தவன் நான். அப்போதாவது கொல்லைக்குப் போகப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. ஆந்திரா பிரிந்த வருஷம், எல்லை எங்கே விழுமோ, மெட்ராஸுக்குச் சரக்கு விடுவார்களோ மாட்டார்களோ என்று வெல்லத்தை வாங்கிக் குவித்து, அந்தச் சந்துக்கும் சுவர் வைத்துக் கிடங்காக்கி, அதைச் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ ஒரு நாள் சொம்போடு மண்டிக்குள் வந்தாய். பேரம் படியற நேரத்தில இன்னா குறுக்க வர்றே என்று தரகர்கள் எதிரில் அதட்டினேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ திரும்பிப் போய்விட்டாய். பிறகு எப்போது போனாய் என்று நான் கேட்கவே இல்லை. முதல் பிரசவத்துக்கு வர முடியாது, ரயிலில் தூரம் என்று நீ எழுதியதை நம்பிவிட்டேன். அது ரயில் தூரமில்லை என்று அம்மா சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிடங்கை இடித்தாகிவிட்டது. கொத்தனார் அப்பாவு, வெல்லம் கசிஞ்சிடும்னு ரெண்டு ஜன்னல் வெக்கச் சொன்னீங்களே மொதலாளி, ஆத்தாளுக்கு ஒரு வழி வெக்கச் சொல்லலியே என்று குத்தினான், வாங்கிக்கொண்டேன். இப்போது சமையலறையிலிருந்தே சந்துக்கு ஒரு கதவு, சந்தின் கடைசியில் குளியலறை, கக்கூசு, இரண்டுக்கும் ஓடு போட்டாயிற்று. மண்டியிலிருந்து கொல்லைக்கு இருந்த வாசலை அடைத்துவிட்டேன். சரக்கு வைக்க வெளியில் வாடகைக்கு இடம் பார்த்திருக்கிறேன்.

வா என்று கட்டாயப்படுத்த எனக்கு முகமில்லை. வருவதானால் நானே வந்து அழைத்து வருகிறேன். மனம் ஒப்பவில்லையென்றால் அம்மாவைக் கொண்டுவந்து உன்னிடம் விடுகிறேன், பிள்ளைக்குத் தலை நிற்கும் வரை இருக்கட்டும், எனக்கு நான் பொங்கிக்கொள்வேன்.

நீயும் பிள்ளையும் பெருவாழ்வு வாழ வேண்டும். மாடிப்படி ஏறி இறங்காதே. ஒன்று மறக்க வேண்டாம், பதிலை அம்மா பேருக்கே எழுது. அடுத்த வீட்டு வள்ளி அவளுக்குப் படித்துச் சொல்வாள். நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா
நாகபூஷணம்