ஏழாம் தொட்டியில் ஆள் இருக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை, எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம் பார், அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ அனுப்பும் பணம் தவறாமல் வருகிறது. இவ்வளவு அனுப்பாதே என்றால் கேட்கிறாயா?

உன் மருமகள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வாய் மட்டும் என்னைவிட உயரம். பள்ளியில் யாராவது கேட்டால், அப்பா மாமாவோடு வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு உண்மையா என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? ஆலைக்கு வேலைக்குப் போனவர் பெண்டாட்டி பிள்ளையை அம்போ என்று விட்டுவிட்டு அப்படியே ஓடிப்போனார் என்றுதானே உன் அத்தானைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். அவரைத் திட்டாமல் நான் பாத்திரம் கழுவிய நாளே இல்லை. திட்டுவதற்காவது ஒரு புருஷன் இருக்கிறாரே என்று அதில் ஒரு அற்ப ஆறுதல்.

ஒரு நல்ல செய்தி. ஆலையில் என்னை லேபிள் ஒட்டும் இடத்திலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். நீ சூப்பர்வைசராக உட்கார்ந்த அதே அறை. நாற்காலியும் அதேதான் போலிருக்கிறது, இடது பக்கம் சாய்கிறது. நீ தின்று கொழுத்த பாரம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். பசை நாற்றம் மட்டும் மாறவில்லை. காய்ச்சுகிற பசையா, புளித்த பசையா, சாக்கடையா, எங்கிருந்து எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மூக்கு செத்த கூட்டம்.

ஷிப்ட் மாறும்போது என்ன செய்வார்கள் என்று உனக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் எனக்கு அது புதுசு. போகிறவர்கள் ஒரு பக்கம், வந்தவர்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள். இரண்டாவது பம்பில் சத்தம் வருகிறது, நாலாம் தொட்டி மீட்டர் முள் நின்றுவிட்டது என்று இவர்கள் வாயால் சொல்ல, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதி வைத்தால் எவரும் படிப்பதில்லையாம். எப்போதோ ஒருத்தர் சொல்ல மறந்து இன்னொருத்தர் கை போனதிலிருந்து ஒரு சட்டமும் உண்டு: சொன்ன வாய்தான் அதை எடுக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று சொன்னவரே வந்து சொல்லும்வரை அடுத்த ஷிப்ட், அதற்கடுத்த ஷிப்ட் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

முதல் நாள் மதியம். நல்ல வெயில், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. எனக்குப் பொறுப்பைத் தந்தவள் வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன பெண். பம்பைச் சொன்னாள், முள்ளைச் சொன்னாள், கடைசியில் சொன்னாள்: "ஏழாம் தொட்டியில ஆள் இருக்கு, கலக்குற மோட்டாரைப் போட்றாதீங்க, புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஆள், உள்ளே குடித்தனம் நடத்துகிறாரா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கக்கா என்றாள். சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன். அந்த "புண்ணியமாப் போகும்" இருக்கிறதே, அதைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் கெஞ்சுகிற மாதிரி இறக்கிச் சொன்னாள். என் வாயும் அப்படியே சொன்னது. என் வீட்டுப்பாடத்தோடு உன்னுடையதையும் எழுதித் தரச் சொல்லும்போது நீ அப்படித்தான் இழுப்பாய். அந்தப் பெண் உன்னைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த ஆலையில் எல்லோரும் அந்த ஒரு வரியை மட்டும் உன் குரலில் சொல்கிறார்கள், தம்பி. கட்டைக் குரல்காரர்கூட.

யார் முதலில் சொன்னது என்று விசாரித்தேன். முந்தின ஷிப்ட் சொன்னது என்றார்கள். அவர்களிடம் கேட்டேன், அதற்கு முந்தின ஷிப்ட் என்றார்கள். விடாமல் கேட்டுக்கொண்டே போனால் எல்லா ஷிப்டையும் சுற்றிவிட்டு, நீங்கதானேக்கா நேத்து சொன்னீங்க என்று என் முன்னாலேயே வந்து நின்றது.

ஏழாம் தொட்டிப் பக்கம் போனால் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதில் யாரும் முதுகு சாய்வதில்லை. கேன்டீன்காரர் ஷிப்டுக்கு எத்தனை டீ என்று கேட்பார், ஏழில் இருப்பவரையும் சேர்த்தா என்று விளையாட்டாகக் கேட்பார், பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து அந்த மூடிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. பாவம் நனையுமே என்று எனக்கு முதலில் தோன்றியது. மூடி இருக்கிறதே, எப்படி நனையும் என்று பிறகுதான் தோன்றியது.

பாய்லர்க்காரரை உனக்கு நினைவிருக்கும், பொடி போடுபவர். நீ கடைசியாக வேலை பார்த்த நாளில் உன்னிடமிருந்து பொறுப்பை வாங்கியவர் அவர்தானாம். நீ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தாயாம். ஏழில் ஆள் இருக்கு என்றாய், எந்த ஆள் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உலர்ந்த பசையைச் சுரண்ட யாராவது இறங்கியிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று நினைத்தாராம். பிறகு மூடி திறந்தே கிடந்ததைப் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. கேட்டுக்குப் போன் போட்டு, போன ஷிப்டில் யாராவது வெளியே வராமல் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். எல்லார் கார்டும் வெளியே போயாச்சு என்று கேட்டில் சொன்னார்களாம். அட்டைப்பெட்டிப் பசைக்கு ஆர்டர் நின்றுபோன சமயம், அந்தத் தொட்டி இனி ஓடப்போவதில்லை. யாராவது கால் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று மூடியைப் போட்டு போல்ட்டை முறுக்கினாராம். நீ சொன்னதை எடுக்க நீ வரவில்லை, அதனால் சட்டப்படி அதையும் அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டாராம். நான் நல்லதுதானே செஞ்சேன் என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இருட்டா இருந்துச்சு என்றார். மூக்கில் பொடியைப் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கேட்டில் கூட்டம் நிற்கக் கூடாது என்று, ஒருத்தரே எல்லார் கார்டையும் வாங்கிக்கொண்டுபோய் மெஷினில் தேய்ப்பது இன்றைக்கும் நடக்கிறது. போன வாரம் என் கார்டையும் ஒருத்தி தேய்த்துவிட்டாள், நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மெஷினைக் கேட்டால் நான் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டேன். குழாயை மூடக்கூடக் கை வராமல் அங்கேயே நின்றேன். உன் ஷிப்டில் அன்றைக்குக் கார்டுகளைத் தேய்த்தது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உன் கடைசி ஷிப்ட் அன்றைக்கு அத்தான் வீடு திரும்பவில்லை என்று உனக்குப் போன் செய்தேனே, நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. அவர் கார்டு வெளியே போயிருக்கேக்கா என்றாய். அவர் என்னோடு வந்தார் என்று சொல்லவில்லை, நான் பார்த்தேன் என்றும் சொல்லவில்லை. போலீசும் அதையே கேட்டுவிட்டு, ஓடிப்போன ஆளைத் தேட எங்களுக்கு நேரமில்லை என்று போய்விட்டது. நீ மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு விசா என்றாய். உன் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவள் நான்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அட்டைப்பெட்டிப் பசைக்கு மறுபடி ஆர்டர் வந்துவிட்டது. புது மேனேஜர் நல்ல மனுஷர். மேலிடத்துக் கம்ப்யூட்டரில் ஏழாம் தொட்டி காலி, தயார் என்று பச்சை விளக்கு எரிகிறதாம். கொதிநீரை விட்டு, மோட்டாரைப் போட்டு அலசுங்கள் என்றார். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. காரணத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். படித்த மனுஷர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன், அவருக்கும் அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை. சொன்னவரையே எடுக்கச் சொல்லுங்கள், போனில் சொன்னாலும் போதும், மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்புறம் நானே சுவிட்சைப் போடுவேன் என்றார். எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் பாய்லர்க்காரருக்கு உன் பெயர் தெரியும். உனக்கு எப்படியும் ஆலையிலிருந்து போன் வரும்.

தம்பி, அவர்கள் கேட்டால் "ஆள் வெளியே வந்தாச்சு" என்று நீ சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அது உண்மையானால் தாராளமாகச் சொல். அவர் எங்கோ இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று உனக்குத் தெரிந்தால் அதையும் என்னிடம் சொல். சத்தியமாக நான் அழ மாட்டேன். ஓடிப்போனவன் பெண்டாட்டியாகவே காலத்தைத் தள்ளிவிடுகிறேன், அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு இனி வராது. ஆனால் அது உண்மை இல்லையென்றால், உன் காலில் விழுந்து கேட்கிறேன், அவர்களிடம் அப்படிச் சொல்லிவிடாதே. கொதிநீரை விட்டுவிடுவார்கள்.

போல்ட்டுக்குச் சரியான ஸ்பானர் வாங்கிவிட்டேன். மாதக் கடைசிக்கு முன்னால், ஆட்கள் நடமாட்டம் உள்ள பகல் வேளையில், நான் போய்த் திறப்பேன். நீ எழுதினாலும் திறப்பேன், எழுதாவிட்டாலும் திறப்பேன். ஆனால் அங்கே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், என்னோடு பிறந்தவன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீ எதை எழுதினாலும் முழுதாகப் படிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒண்டியாக இருந்து எதையாவது நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வயிறெரிந்து எழுதவில்லை, மனசார எழுதுகிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன்
அக்கா