செங்கல் வைத்து அடைத்த அறை

அன்புள்ள என்னவருக்கு,

கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது உங்கள் கைக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

முன்பே சொன்ன அறையைக் கட்டி, அதில் ஒரு வாரம் இருந்தும் விட்டேன். உங்களுக்குத்தான் மறதி ஜாஸ்தியாயிற்றே, மறுபடி சொல்கிறேன். இடைக்கால ஐரோப்பாவில் சில பெண்கள் கடவுளுக்கென்று தேவாலயச் சுவரை ஒட்டிய சிறு அறைக்குள் போய்விடுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ஜன்னல் விட்டு வாசலை அடைத்துவிடுவார்கள். சாகும்வரை உள்ளேதான். அவர்கள் எழுதியதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் படிக்கிறேன். அப்படி அடைபட்டு உட்கார்ந்தால் எழுத்து எப்படி வரும் என்று பார்க்க, பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குப் பின்னால் ஒன்று கட்டினோம். ஒரு நாள் பேசாமல் இருந்து காட்டு பார்க்கலாம் என்று கேலி செய்தீர்களே, இருந்து காட்டினேன்.

உள்ளே போகிறவளுக்கு இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைப் படித்து, தலையில் ஒரு பிடி மண் தூவுவது வழக்கம். அதன்பிறகு உலகத்துக்கு அவள் செத்தவள். எங்கள் மாணவி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இது போதும் மேடம், எனக்கு என்னவோ மாதிரி இருக்கு என்றாள். அரைகுறையாகச் செய்வதற்குப் பெயர் ஆராய்ச்சியா என்று கடிந்துகொண்டேன். பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிவரை படித்தாள்.

வெளியே வருவதற்கு ஒரு சடங்கும் கிடையாது. யாரும் வந்ததில்லையே, எங்கிருந்து இருக்கும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாரம் முடிந்து செங்கல்லை எடுத்தார்கள். வெளியே வந்து சோம்பல் முறித்தேன். மாணவி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மேடம் எங்கே என்று அலறினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் உங்கள் தங்கை நம் சின்னதுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், இரண்டு பேரும் திரும்பவில்லை. உங்கள் தங்கைக்கு என்மேல் ஏதோ கோபம் என்று முதலில் அவளைத்தான் திட்டினேன். சின்னது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள். நான்தான் நகர வேண்டியிருந்தது. அம்மா எப்போ வருவா அத்தை என்று கேட்டாள்.

போன துறைமுகத்திலிருந்து நீங்கள் பேசியபோது போனை எடுத்தது நான்தான். கத்தினேன். ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பேனா பிடித்து எழுதினால் மட்டும் எழுத்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எத்தனை தரம் தலைக்குக் குளித்தாலும் சீப்பில் மண் வருகிறது. பயமாக இருக்கிறதுங்க, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பிரார்த்தனையின் கடைசி வரி, இனி இவளை உற்றார் யாரும் கூப்பிடலாகாது என்பது. மீறிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் படித்த எதிலும் இல்லை. நீங்கள் கூப்பிட்டுப் பாருங்களேன். எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, அதே கிண்டலோடு. கப்பலில் பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுங்கள். சின்னது தினமும் அத்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். இன்று கேட்கவில்லை.

நீங்களும் அவளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்,
வாயாடி