ஒட்டகச்சிவிங்கிக்கு ஜோடி காட்டுக்கோழி

அன்பு நண்பா,

நேற்று எங்கள் பாறசாலை சபையின் பழைய சாமான் அறையை ஒழித்தோம். மக்கிய காகித வாசனை. எலி தின்றது போக உன் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து பாதி மிச்சமிருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீ கண்ணை மூடி ஒரு மாதம்தானே ஆகிறது.

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷம். ஓய்வுநாள் பள்ளி விழாவுக்கு நோவாவின் பேழை நாடகம். எல்லா மிருகமும் ஜோடி ஜோடியாக. மூங்கிலும் காகிதமும் தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு மட்டும் ஒற்றை. நெட்டையனான நீ ஒட்டகச்சிவிங்கி, குட்டையனான நான் காட்டுக்கோழி. குணத்துக்கும் அதுதான் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு வேண்டும் என்ற மனுவில் நீ முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தாய். அப்பாவின் சர்க்கார் வேலை போய்விடுமோ என்று பயந்து, நான் ஒரு வாரமாக உன் கண்ணில் படாமல் திரிந்தேன்.

ஊர்வலம் கூடாது என்று உத்தரவு இருந்தது நம் யாருக்கும் நினைவில்லை. வேஷத்தோடு சர்ச்சிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரோட்டில் வரிசையாகக் கிளம்பிவிட்டோம். ஒரு போலீஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, ஊர்வலம் எங்கே என்று மலையாளத்தில் அதட்டினார்.

“எங்ஙோட்டாடா ஜாத?”

நான் மரச்சீனித் தோட்டத்துக்குள் பாய்ந்து பதுங்கிவிட்டேன். உனக்கு ஒளிய வழியில்லை, கழுத்து அப்படி.

“சாரே, ஆளுகள் கூடக்கூடாதுண்ணுதானே உத்தரவு? இது மிருகமாக்கும். பேழைக்குப் போவுது.”

அவர் வேதம் படித்தவர் போலும். இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டே வந்து உன் முன்னால் நின்றார். “நின்றெ ஜோடி எவிடடா?”

நீ தோட்டத்தைக் காட்டினாய். “அன்னா, மரச்சீனிக்குள்ள இருக்கியான். எலே மக்கா, வெளிய வா. நீ இல்லாம எனக்குப் பேழையில எடம் கெடயாது.”

சிறகெல்லாம் மண்ணாக வந்து நின்றேன். உன் நெஞ்சு உயரம்கூட இல்லை. நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்த அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சீக்கிரம் போகச் சொல்லிவிட்டார். “வேகம் பொய்க்கோ. மழ வருந்நு.”

“காட்டிக் குடுத்திட்டியேலே” என்று வழியெல்லாம் உன்னைத் திட்டினேன்.

“எனக்கு மறையத் தெரியாது, உனக்கு நிமிரத் தெரியாது. சேந்து நிண்ணா சரியாவும்” என்றாய். அன்று சாயங்காலமே மனுவில் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் வேலை போகவில்லை. தமிழ் வகுப்பும் வந்தது. பிறகு எல்லை வந்து, உன் களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கமும் என் பாறசாலை கேரளப் பக்கமும் ஆனது. நீ பஸ் ஏறி வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது பிள்ளைகள் குறைவு என்று அந்த வகுப்பை மூடப் பார்க்கிறார்கள். இன்று காலை பள்ளியில் கூட்டம். “தமிழ் வகுப்பு வேணும்ணு உள்ளவங்க எழும்பி நில்லுங்க” என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. எனக்கும் பழைய பயம்தான். தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. ஆனாலும் நாற்காலியைப் பிடித்து எழுந்துவிட்டேன்.

எழுந்தவன், பழக்கத்தில், பக்கத்தில் உனக்கு இடம் விட்டு நின்றேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து அங்கே நின்றாள்.