படகில் பேர் சொன்ன காலைகள்

கரண்ட் போனதும் பக்கத்துப் பட்டறையில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த டீசல் வாசம் ஜன்னல் வழியே வந்தது. ஏனுங்க, நீங்கள்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்று ஒரு நொடி நினைத்து எழுந்துவிட்டேன். இந்தக் கோவை கணபதியில் இத்தனை வீடுகள் நெருங்கிக் கிடந்தும், நான் எழுந்ததைப் பார்க்க ஆளில்லை.

கடற்படையில் சின்ன ரோந்துப் படகொன்றில் நீங்கள் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போர் வந்தது. நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவிநாசிப் பக்கம் உங்கள் வீட்டில் நான் இருந்தேன். படகைக் காணவில்லை என்று தந்தி வந்தது. கடலையே பார்த்திராத எனக்கு, ஒரு படகு எப்படிக் காணாமல் போகும் என்று விளங்கவில்லை.

பதினோராம் நாள் உங்கள் அண்ணன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அம்மணி, இனிக் காத்திருந்து ஆகறது ஒண்ணுமில்ல. பவானிக் கூடுதுறைக்குப் போயி, செய்யற காரியத்தைச் செஞ்சுபோட்டு வந்தரலாம்."

"ஆளைப் பாக்காம எப்படிங்க மாமா செய்யறது? நான் வரலீங்க."

பெரியவர்களை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அதன்பின் வீட்டில் யாரும் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

மூன்று நாள் கழித்து நீங்களே பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். வெயிலில் தோலுரிந்த முகம், கட்டுப் போட்ட கை. ஆஸ்பத்திரியிலிருந்து போட்ட கடிதம் உங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. "ஏன் அம்மணி, இப்படி இளச்சுப்போயிட்ட?" என்றீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

படகில் நடந்ததை ஒரே ஒருமுறை சொன்னீர்கள். குண்டு பட்டு என்ஜினும் வயர்லெஸ்ஸும் போய், ஒரு மீன்பிடிப் படகின் கண்ணில் படும்வரை ஆறு நாள் மிதந்தீர்களாம். "விடிஞ்சதும் அவனவன் பேரைச் சொல்லோணும். யாரு இருக்கறாங்கன்னு தெரியோணுமல்ல? அஞ்சாம் நாள் பக்கத்துல படுத்திருந்தவன் சொல்லல." அவர் பேரென்ன என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் கண் திறக்கும் முன்பே கேட்பீர்கள்: "அம்மணி, இருக்கறயா?" நான் அடுப்படியில் இருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். ஒருநாள் எரிச்சலில் பேசாமலே இருந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நின்றீர்களே, அந்த முகத்தைப் பார்த்தபின் ஒருநாளும் பதில் தவறியதில்லை.

போன தை மாதம் ஒரு காலை நீங்கள் கேட்கவில்லை. அசந்து தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு நானே கேட்டேன், "ஏனுங்க, இருக்கறீங்களா?"

இந்த முறை கூடுதுறைக்கு யாரும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நானாகவே காரில் ஏறினேன்.

மகள் தினமும் போனில், "சாப்டீங்களாம்மா?" என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். ஆனால் விடிந்ததும் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கட்டிலில் உட்கார்ந்து உங்கள் குரல் வருகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம், "இருக்கறனுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காலைத் தரையில் வைக்கிறேன்.